தேவ திட்டத்தை மிஸ் பண்ணிட்டோமோன்னு பயமா? ஒரு பேப்பர் பேனா எடுத்துட்டு உக்காருங்க

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த அட்டைய (புது வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் அச்சடிச்சு குடுக்கறது) கையில வாங்கிட்டு சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கறோம், எங்க சபை தம்பி ஒருத்தன், ஓமலூர் பக்கம் ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை பாக்கறவன், அட்டைய நீட்டி கேட்டான்: "அண்ணா எனக்கு எரேமியா 29:11 வந்திருக்கு, ஆனா நான் அந்த திட்டத்த ஏற்கனவே கோட்டை விட்டுட்டேன்னு தோணுது, இனிமே இது எனக்கு செல்லுமா?" உங்க மேல நான் வெச்சிருக்கற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்குன்னு கர்த்தர் சொல்ற வசனம் அது. ஏதோ கெடு முடிஞ்ச கூப்பன் மாதிரி கேட்டான். சிரிக்க தோணல, ஏன்னா இதே கேள்விய 15 வருஷம் தூக்கிட்டு அலைஞ்சவன் நான். டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கற விஷயம் இல்ல, அதனால அவனுக்கு அப்பறமா சொன்னத, செய்ய சொன்னத, இங்க எழுதறேன்.

என் கதைய சுருக்கமா சொல்லிடறேன். 2001 மே மாசம் ஏற்காட்டுல வாலிபர் முகாம், கடைசி ராத்திரி நல்ல குளிரு, முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கறவங்க எழுந்து நில்லுங்கன்னாங்க, அழுதுட்டே எழுந்து நின்னேன், அதுல நடிப்பு இல்ல. கீழ வந்து பைபிள் காலேஜ் ஃபார்ம் வாங்கி பாதி ஃபில் பண்ணி வெச்சேன். ஆகஸ்ட்ல அப்பாவுக்கு பக்கவாதம். கீழ ரெண்டு தங்கச்சிங்க. சேகோ மில்லுல கணக்கெழுத போனேன், இன்னைக்கும் அதே வேலைதான், ஜவ்வரிசி மூட்டையும் ஜிஎஸ்டியும். இடையில ஒரு உபவாச ஜெபத்துல வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தர் எல்லார் முன்னாடியும் என்னை கை காட்டி, நீ தர்ஷீசுக்கு ஓடிட்டு இருக்கற யோனான்னு சொல்லிட்டாரு (தேவன் நினிவேக்கு போன்னப்ப போகாம தர்ஷீசுக்கு கப்பல் ஏறின தீர்க்கதரிசி யோனா). அதோட போச்சு. வண்டி பஞ்சர் ஆனா தண்டனை, சம்பளம் லேட்டானா தண்டனை, கொழந்தைக்கு காய்ச்சல் வந்தா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வரேன்.

மொதல்ல "சித்தம்"ங்கற வார்த்தைய, அதாவது தேவனோட விருப்பத்த, ரெண்டா பிரிச்சுக்கங்க. நாம எல்லாத்தையும் ஒரே பையில போட்டு குழப்பிக்கறோம் (கத்தோலிக்க ஃப்ரெண்ட்ஸ் இறைத்திட்டம்னு சொல்வாங்க, குழப்பம் என்னவோ அதேதான்). உபாகமம் 29:29 எடுத்து பாருங்க, மறைவானது கர்த்தருக்கு, வெளிப்படுத்தினது நமக்கும் நம்ம பிள்ளைங்களுக்கும்னு தெளிவா பங்கு பிரிச்சு வெச்சிருக்கு. மறைவானத நீங்க மிஸ் பண்ணவே முடியாது. நீர் செய்ய நினைத்தது தடைபடாதுன்னு யோபு 42:2ல சொல்றாரே, அது அந்த கணக்கு. சேலத்துல உக்காந்துட்டு ஒரு கணக்குப்பிள்ளை தப்பான பஸ்ல ஏறினதால வானத்துல திட்டம் நின்னு போயிடுச்சுன்னு நெனைக்கறது தாழ்மை மாதிரி தெரியும், யோசிச்சு பாத்தா நம்மள ரொம்ப பெரிய ஆளா நெனச்சுக்கறதுதான்.

ஆனா வெளிப்படுத்தினது இருக்கு பாருங்க, அத தினமும் மிஸ் பண்ணலாம். பரிசுத்தமா இருக்கறது தேவ சித்தம்னு 1 தெசலோனிக்கேயர் 4:3ல இருக்கு, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்றது தேவ சித்தம்னு 5:18ல இருக்கு, நியாயம் செய், இரக்கத்த சிநேகி, மனத்தாழ்மையா நடன்னு மீகா 6:8ல இருக்கு. இதுக்கு சொப்பனமும் வேணாம் தரிசனமும் வேணாம். அப்ப ஒரு மனுஷன் தனக்கான தேவ நோக்கத்த நெஜமாவே இழக்க முடியுமான்னா, முடியும், லூக்கா 7:30ல பரிசேயருங்களும் நியாயசாஸ்திரிங்களும் தங்களுக்கான தேவ ஆலோசனைய தள்ளிவிட்டார்கள்னே எழுதியிருக்கு. அந்த வினைச்சொல்ல கவனிங்க. தள்ளிவிட்டாங்க. தெரியாம தவறிப் போகல, பஸ்ஸ விடல, அட்ரஸ் மாறல. யோவான் ஸ்நானன் ஆத்தங்கரையில நின்னு ஞானஸ்நானத்துக்கு கூப்பிட்டாரு, இவங்க வர மாட்டேன்னாங்க.

என்னோட மொத்த கருத்தும் இந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது. ரிஃபார்ம்டு ஆளுங்களும் (எல்லாமே தேவன் முன்னாடியே குறிச்சதுங்கறவங்க) பெந்தெகொஸ்தே ஆளுங்களும் இத வெச்சு விடிய விடிய சண்டை போடுவாங்க, போடட்டும், நமக்கு நாளைக்கு காலைல வேலைக்கு போவணும்.

இப்ப அந்த அட்டைக்கு வரேன். எரேமியா 29ம் அதிகாரம் ஒரு லெட்டர். எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு போன லெட்டர். வாங்கினவங்க யாரு? கீழ்ப்படியாம போயி, தீர்க்கதரிசிங்க சொல்லச் சொல்ல கேக்காம, கடைசியில சிறையா இழுத்துட்டு போகப்பட்டவங்க. அதாவது, மிஸ் பண்ணினவங்க. உங்களுக்கு நன்மையான நினைவுகள்னு 11ம் வசனம் அவங்களுக்குத்தான் மொதல்ல போச்சு. அதனால தம்பி, அந்த அட்டை செல்லும், உன்ன மாதிரி ஆளுக்குத்தான் செல்லும். ஆனா 10ம் வசனத்தையும் படி, எழுபது வருஷம் கழிச்சுன்னு இருக்கு, அத எந்த அட்டையிலயும் பிரிண்ட் பண்ண மாட்டாங்க, காலண்டர் விக்காது. அந்த எழுபது வருஷம் என்ன பண்றதுன்னு 5ம் வசனத்துல இருந்து வரும், வீடு கட்டு, தோட்டம் போடு, கல்யாணம் பண்ணு, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணு. எதிரி ஊர்ல. ஷிஃப்ட் வேலைல.

அடுத்து பேப்பர் வேலை. இதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்க, ஃபோன வேற ரூம்ல வெச்சிடுங்க. ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போடுங்க. மொத கட்டத்துல "தெரியாம எடுத்தது", ரெண்டாவதுல "முடியாம போனது", மூணாவதுல "மாட்டேன்னு சொன்னது". வாழ்க்கையில இதனாலதான் நான் தேவ திட்டத்த விட்டுட்டேன்னு உங்கள அரிக்கற ஒவ்வொண்ணையும் இந்த மூணுல ஒண்ணுல எழுதுங்க. தப்பான கோர்ஸ் எடுத்தேன், வெளிநாட்டு வேலைய விட்டுட்டேன், அந்த சம்மந்தத்துக்கு சரின்னிருக்கலாம், ஊழியத்துக்கு போகல, எதுவா இருந்தாலும்.

எழுதும்போது ஒரு ஏமாத்து வேலை நடக்கும், நடக்கும்னு தெரிஞ்சே உக்காருங்க. ரெண்டாவது கட்டத்துல போட வேண்டியத மூணாவதுல போட்டு நம்மள நாமே அடிச்சுப்போம், மூணாவதுல போட வேண்டியத எழுதவே மாட்டோம். நான் அப்பாவோட பக்கவாதத்த பல வருஷம் மூணாவது கட்டத்துலதான் மனசுக்குள்ள வெச்சிருந்தேன், ஆண்டவர் கூப்பிட்டாரு நான் போகலன்னு. மாற்கு 7ம் அதிகாரத்த யாராவது எனக்கு அன்னைக்கு படிச்சு காட்டியிருக்கலாம். கொர்பான்னு ஒரு வார்த்தை வரும், அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத தேவனுக்கு காணிக்கையா குடுத்துட்டேன்னு சொல்லி கைய கழுவறது, அத இயேசு திட்டறாரு, உங்க பாரம்பரியத்தால தேவ வசனத்த அவமாக்கறீங்கன்னு. அப்பாவுக்கு பெட்பேன் எடுத்த நாலு வருஷத்த நான் தர்ஷீசுக்கு போற கப்பல்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன்.

மூணாவது கட்டம் எப்படி நெரம்புச்சுன்னா, அதுக்கு எங்க பெரியம்மா வேண்டியிருந்துச்சு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எஸ்டேட் வேலை பாத்து ஓஞ்சவங்க, அம்மாவோட அக்கா. ஒரு நவம்பர்ல பாக்க போனேன், மழையில மலைப்பாதையில பாறை உருண்டு கெடந்ததால பஸ்ஸ குப்பனூர் வழியா திருப்பி விட்டிருந்தாங்க, போய் சேரவே மதியம் ஆயிடுச்சு. (அந்த வழியா போனாலும் ஏற்காடுதானேன்னு இத வெச்சு ஒரு பிரசங்கம் பண்ணிடலாம், பாதை தவறினா ஜிபிஎஸ் வேற வழி காட்டற மாதிரி தேவனும் காட்டுவாருன்னு சொல்ற உதாரணம் மாதிரியே இருக்கும், வேணாம் விட்டுடறேன்.) பெரியம்மா திண்ணையில மொறத்துல மொளகு கொட்டி கல்லும் காம்பும் பொறுக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து ஆரம்பிச்சேன், முகாம், ஃபார்ம், அப்பா, யோனா, எல்லாம். அவங்க தலைய தூக்காம பொறுக்கிட்டே இருந்தாங்க. நான் முடிச்சதும், "அதிருக்கட்டும் கண்ணு, உன் சித்தப்பங்கூட பேசறியா?"

"அது வேற விஷயம் பெரியம்மா."

"எது வேற?"

எனக்கு பதில் வரல. வீட்டு மனை தகராறுல ஆறு வருஷமா சித்தப்பா வீட்டு வாசப்படி மிதிக்கல, அவரு பொண்ணு கல்யாணத்துக்கும் போகல, அதே ஆறு வருஷமும் சபையில முன் பெஞ்சுல உக்காந்து என் அழைப்ப காட்டும் ஆண்டவரேன்னு அழுதுட்டு இருந்தேன். மன்னியுங்கள்னு சொன்னது மறைவான சித்தமா? பெரியம்மா பிரசங்கம் எதுவும் பண்ணல, எந்திரிச்சு உள்ள போயி மொளக ரெண்டு பொட்டலமா கட்டி எடுத்துட்டு வந்து, ஒண்ணு உனக்கு, ஒண்ணு போற வழியில அவங்க வீட்டுல குடுத்துட்டு போன்னாங்க. போற வழியில குடுக்கல. பதினோரு நாள் எங்க வீட்டு அலமாரியில இருந்துச்சு, அலமாரி தொறந்தா மொளகு வாசம், வீட்டுக்காரி வேற இது யாருக்குங்க யாருக்குங்கன்னு கேட்டுட்டே இருந்தா. பன்னெண்டாவது நாள் போனேன். சித்தப்பா வாங்கிகிட்டாரு, உள்ள வான்னு கூப்பிடல. அடுத்த தடவ காபி குடுத்தாங்க. மனை விஷயம் இன்னும் முடியல, ஆனா பேசிக்கறோம்.

உங்க மூணாவது கட்டத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கும். வட்டிக்கு வாங்கி திருப்பி தராதது, வீட்டுக்காரம்மாகிட்ட மறைச்சது, கூட வேலை செய்யறவன் பேர கெடுத்தது. திட்டம் திட்டம்னு தேடறவங்க நெறைய பேர் இந்த மாதிரி ஒண்ணு மேல உக்காந்துட்டுதான் தேடறோம், நான் என்னை வெச்சு சொல்றேன்.

இப்ப முன்னாடி இருக்கற முடிவுங்க, வேலை, கல்யாணம், ஊர் மாத்தறது. ஒரே ஒரு புள்ளி இருக்கு, அத தொடலன்னா வாழ்க்கை அவ்ளோதான்ங்கற பயத்தோட முடிவெடுக்காதீங்க. 1 கொரிந்தியர் 7:39ல பவுல் ஒரு விதவைக்கு சொல்றத பாருங்க, அவளுக்கு இஷ்டமானவன கட்டிக்கலாம், கர்த்தருக்குள்ள இருக்கறவனா இருக்கணும், அவ்ளோதான். கர்த்தர் ஒருத்தன குறிச்சு வெச்சிருக்காரு, தேடி கண்டுபிடின்னு சொல்லல. ஒரு வேலி போட்டாரு, வேலிக்குள்ள உன் இஷ்டம்னாரு. அதனால நான் வாலிபர் கூட்டத்துல பிள்ளைங்களுக்கு சொல்றது, இது பாவமா, இதனால நான் பாத்துக்க வேண்டியவங்க நடுத்தெருவுல நிப்பாங்களா, என்னை நல்லா தெரிஞ்ச ரெண்டு மூணு பெரியவங்க என்ன சொல்றாங்க, எனக்கு இதுல திராணியும் ஆசையும் இருக்கா, இத்தனையும் பாத்து ஜெபம் பண்ணிட்டு முடிவெடு, எடுத்துட்டு ஆண்டவருக்குச் சித்தமானால்னு யாக்கோபு சொன்ன மாதிரி சொல்லிட்டு கெளம்பு.

பைபிள கண்ண மூடி தொறந்து வெரல் வெக்கறது, சீட்டு எழுதி குலுக்கறது, இந்த நேரத்துக்குள்ள ஃபோன் வந்தா ஓகேன்னு வெக்கறது, இதெல்லாம் வேணாம். கிதியோன் ஆட்டுத்தோல களத்துல போட்டு, பனி அதுல மட்டும் விழுதான்னு அடையாளம் பாக்கலையான்னு கேப்பீங்க. நியாயாதிபதிகள் 6:36 படிங்க, நீர் சொன்னபடின்னுதான் ஆரம்பிக்கறாரு, சித்தம் ஏற்கனவே தெரியும், பயம் போகல, அதுக்குத்தான் தோல். கல்யாண விஷயத்துல "கர்த்தர் எனக்கு உங்கள காட்டினாரு"ன்னு ஒரு பொண்ணுகிட்ட போய் நிக்கற தம்பிங்களுக்கு தனியா ஒண்ணு: காட்டறவரு அவளுக்கும் காட்டுவாரு, அது வரைக்கும் வாய மூடிட்டு இருங்க.

கதவு அடைபட்டா தண்டனைன்னு எடுத்துக்காதீங்க. அப்போஸ்தலர் 16ல பவுலுக்கே ஆசியா (இன்னைக்கு துருக்கியில இருக்கற அன்னைய மாகாணம்) போக தடை, பித்தினியாவுக்கு போக முயற்சி பண்ணினா அதுக்கும் தடை, மனுஷன் துரோவா வரைக்கும் நடந்துட்டே இருந்தாரு, உக்காந்து ஐயோ மிஸ் பண்ணிட்டேன்னு அழல. அப்பறம்தான் மக்கெதோனியா தரிசனம். தரிசனத்துல கூப்பிட்டது ஒரு ஆம்பள, அங்க போய் பாத்தா ஆத்தங்கரையில பொம்பளைங்க கூட்டம், மொதல்ல இருதயம் தொறந்தது லீதியாள்னு ஒரு வியாபாரம் பண்ற அம்மா. தரிசனம் பாத்தவருக்கே படம் ஒண்ணு நடந்தது ஒண்ணு.

யாராவது கைய நீட்டி நீ அழைப்ப விட்டுட்டன்னு சொன்னா என்ன பண்றது? அற்பமாவும் எண்ணாதீங்க, அப்படியே முழுங்கவும் செய்யாதீங்க, சோதிச்சு பாத்து நலமானத புடிச்சுக்கன்னுதான் 1 தெசலோனிக்கேயர் 5ல இருக்கு. நேரா கேளுங்க, "ஐயா, எதுல கீழ்ப்படியல, குறிப்பா சொல்லுங்க." தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாகிட்ட சும்மா பயமுறுத்திட்டு போகல, அந்த மனுஷன் நீயேன்னு சொல்லி, தாவீது கொல்ல வெச்ச உரியாவோட பேரையும் சொன்னாரு. யோனாவுக்கு நினிவேன்னு ஊர் பேரே சொல்லியிருந்துச்சு, எழுந்து போன்னு. எனக்கு அப்படி என்ன சொல்லியிருந்துச்சு? அன்னைக்கு நான் கேட்டிருந்தா அவருக்கு பதில் இருந்திருக்காதுன்னு நெனைக்கறேன். பதிலுக்கு பதிலா காணிக்கை பத்தி பேச்சு வந்தா எழுந்து வந்துடுங்க.

நெஜமாவே மூணாவது கட்டத்துல ஒரு அழைப்பு இருக்குன்னு வைங்க, தெளிவா தெரிஞ்சு, போக வசதியும் இருந்து, காசுக்காகவோ பயத்துக்காகவோ மாட்டேன்னவங்க. உங்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு, இத யாரும் பெருசா பேசறதில்ல. எண்ணாகமம் 14 கடைசி பத்தி. தேவன் தரேன்னு சொன்ன கானான் தேசத்துக்கு போக மாட்டோம்னு அழுத அதே ஜனம், 40 வருஷம் வனாந்தரம்னு கேட்டதும் மறுநாள் காலைல எழுந்து, நாங்க பாவம் செஞ்சோம், இதோ போறோம்னு மலை மேல ஏறுது. மோசே போகாதீங்க கர்த்தர் உங்க நடுவுல இல்லங்கறாரு. போனாங்க, ஓர்மா வரைக்கும் அடி வாங்கினாங்க. நேத்து போன்னப்ப போகாதது கீழ்ப்படியாமை, இன்னைக்கு போகாதன்னப்ப போனதும் கீழ்ப்படியாமை. குற்ற உணர்ச்சியில ராஜினாமா எழுதறவங்கள பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மலைதான் ஞாபகம் வரும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஒரு கூட்டம் முடிஞ்சு வந்த வேகத்துல வேலைய விட்டாரு, மூணாவது மாசம் அவங்க வீட்டம்மா செவ்வாப்பேட்டைக்கு கொலுசு வளையல தூக்கிட்டு போனாங்க, பிள்ளை ஃபீஸ் கட்ட. அந்தம்மாகிட்ட யாரு கேட்டா?

அதனால மெதுவா திரும்புங்க. மொதல்ல ஆண்டவர்கிட்ட "மாட்டேன்னு சொன்னேன்"னு அதே வார்த்தையில ஒத்துக்கங்க, சூழ்நிலை அப்படின்னு மழுப்பாதீங்க. அப்பறம் வீட்டுல சொல்லுங்க, உங்க ஆயர்கிட்டயோ பாஸ்டர்கிட்டயோ சொல்லுங்க, சனி ஞாயிறு செய்ய என்ன இருக்குன்னு கேளுங்க, ஒரு வருஷம் அத செய்யுங்க. மாற்குன்னு அழைக்கப்பட்ட யோவான் பம்பிலியாவுல பவுல விட்டுட்டு ஊருக்கு திரும்பினவன், அவன கூட்டிட்டு போகறதா வேணாமான்னு பவுலும் பர்னபாவும் சண்டை போட்டு பிரிஞ்சே போயிட்டாங்க. பர்னபா அவன சீப்புருவுக்கு கூட்டிட்டு போனாரு. கடைசியில சிறையில இருந்து பவுலே எழுதறாரு, மாற்குவ கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு பிரயோஜனமுள்ளவன்னு. நடுவுல எத்தனை வருஷம், என்னென்ன செஞ்சான், பெருசா எழுதல. யாரோ கூடவே போனான், அவ்ளோதான் தெரியுது. யோனாவுக்கும் 3:1ல இரண்டாந்தரம்னு ஒரு வார்த்தை இருக்கு, அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க.

போன வருஷங்க திரும்பி வராது, அத நான் பூசி மெழுக மாட்டேன். தண்ணி வர கன்மலையோட பேசுன்னு தேவன் சொல்லியும் மோசே அத அடிச்சாரு, மன்னிப்பு கெடச்சுது, கானானுக்குள்ள கால் வெக்க முடியல, மலை மேல இருந்து பாத்ததோட சரி. சித்தப்பா பொண்ணு கல்யாண ஃபோட்டோவுல நான் இல்ல, இனிமே இருக்கவும் முடியாது.

அந்த தம்பி ஜனவரி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான், இதெல்லாம் பேசினோம், நடுவுல வீட்டுக்காரி தட்டுவடை செட் போட்டு குடுத்தா, மூணு பிளேட் காலி. சரி இப்ப எழுதுன்னேன். பேப்பர் இல்லண்ணான்னான். பீரோவுல அடித்துணிக்கு கீழ அந்த பைபிள் காலேஜ் ஃபார்ம் இருந்துச்சு, நாலு தாள், பின்பக்கம் எல்லாம் காலி, பழைய பேப்பர் நல்ல கனம். கடைசி தாள கிழிச்சு குடுத்தேன். மாடிப்படியில போய் உக்காந்து முக்கா மணி நேரம் எழுதினான். எனக்கு காட்டல, நானும் கேக்கல. நாலா மடிச்சு ஃபோன் கவருக்குள்ள சொருகிட்டு, மாமாவ பாக்கணும்னா, எடப்பாடிக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டான். பேனாவையும் கொண்டு போயிட்டான்.